உங்ககிட்டதானே சொன்னேன்?

வங்கி லாக்கரைத் திறந்திருக்கிறீர்களா? உங்களிடம் ஒரு சாவி. மேனேஜரிடம் ஒரு சாவி. அவர் தன் சாவியைப் போட்டு ஒரு திருகு திருகிவிட்டு, நாசூக்காக வெளியே போய்விடுவார். அதற்கப்புறம்தான் உங்கள் சாவி வேலை செய்யும். அவர் நினைத்தாலும் தனியாக உங்கள் நகையைத் தொட முடியாது. நீங்கள் நினைத்தாலும் அவர் இல்லாத நேரத்தில் உங்கள் நகையை நீங்களே எடுக்க முடியாது. 'என் நகையை நான் எடுக்க இன்னொருத்தர் சாவி எதற்கு? என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

அதே நாம், ஆபீஸில் ஒரு ஆன்லைன் படிவத்தைத் திறக்கும்போது 'உங்களுக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி' என்று வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். 'பத்து வருஷமா இங்க இருக்கேன். எனக்கே பர்மிஷன் இல்லையா?'

இந்த வாரம் அந்தப் பர்மிஷன் திரையைத்தான் கொஞ்சம் திட்டப் போகிறேன். அதைத் தயாரித்த கம்பெனிகளையும், அதைப் படிக்காமல் 'ஓகே' அழுத்தும் நம்மையும் சேர்த்து. திட்டுவதற்கு எனக்குத் தகுதி உண்டு. நானே அழுத்தியவன்.

எங்கள் அடுக்ககத்தில் 84 வீடுகள். ஒரு வருடம் என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். பொதுக்குழுவுக்குப் போகாமல் இருந்ததற்குத் தண்டனை. மழைக்காலம் வருவதற்குமுன் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பட்டியல் எடுத்துவிடலாம் என்று கமிட்டியில் முடிவானது. பேப்பரில் எழுதி வாங்கினால் ஒரு மாதம் ஆகும். இலவசமாகக் கிடைக்கும் ஆன்லைன் படிவம் ஒன்றைப் பத்தே நிமிடத்தில் தயார் செய்தேன். பெயர், செல் நம்பர், ரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். கடைசியில், 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று ஒரு பெரிய கட்டம். மூன்றே நாளில் எழுபது வீடுகள் நிரப்பிவிட்டன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதில்கள் எல்லாம் தானாக ஒரு ஷீட்டில் போய் உட்காரும். கமிட்டியில் ஏழு பேர். ராத்திரி பத்து மணிக்கு ஒருவர், 'ஸார், எனக்குத் திறக்கலை' என்றார். இன்னொருவர், 'பர்மிஷன் கேக்குது ஸார்' என்றார். ஒவ்வொருவரின் ஈமெயிலையும் வாங்கிச் சேர்க்கச் சோம்பல். 'லிங்க் உள்ள எவரும்' என்று ஒரு வசதி கண்ணில் பட்டது. தேர்ந்தெடுத்தேன். பக்கத்திலேயே 'பார்க்கலாம்', 'திருத்தலாம்' என்று இரண்டு. யாருக்காவது நம்பர் மாறினால் அவர்களே மாற்றிக்கொள்ளட்டுமே என்று இரண்டாவதைத் தொட்டேன். லிங்கைக் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். 'சூப்பர் ஸார், இப்ப உடனே திறக்குது' என்று பாராட்டுகூட வந்தது.

கமிட்டியில் ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை மொத்தக் குடியிருப்பின் குழுவுக்கும் தள்ளிவிட்டார். அங்கிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர், கேபிள்காரர் என்று எங்கெங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து மூன்றாவது மாடி டீச்சரம்மா என் வீட்டுக்கு வந்தார். ரிட்டயர்டு ஆசிரியை. எழுபதைத் தாண்டியவர். தனியாக இருப்பவர். அந்தப் பெரிய கட்டத்தில் அவர் எழுதியிருந்தது இது: தனியாக இருக்கிறேன், ராத்திரியில் காது சரியாகக் கேட்காது, மணி அடித்தும் திறக்காவிட்டால் மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. கேபிள் பணம் வாங்க வந்த பையன், 'ராத்திரில காது கேக்காதாமே டீச்சர், ஜாக்கிரதையா இருங்க' என்று சொல்லியிருக்கிறான். நல்ல பையன். அக்கறையாகத்தான் சொன்னான். டீச்சரம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. மறுநாள் பூட்டை மாற்றிவிட்டுத்தான் என்னைப் பார்க்க வந்தார். கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

'ஏன் தம்பி, நான் உங்ககிட்டதானே சொன்னேன்?'

எனக்குப் பதில் இல்லை. பர்மிஷன் விவகாரம் மொத்தமும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. படிவம் என்பது ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிற சமாசாரம். அவர் யாரிடம் சொன்னாரோ அவரோடு அது நிற்க வேண்டும். அந்த 'யாரிடம்' என்பதைக் காப்பாற்றுவதுதான் பர்மிஷனின் வேலை. மற்றதெல்லாம் அலங்காரம்.

இது ஒன்றும் புதிய ஞானம் இல்லை. ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் என்று இரண்டு அமெரிக்கர்கள் 1975-லேயே, கம்ப்யூட்டரில் இருக்கும் தகவலை எப்படிப் பாதுகாப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். எட்டு விதிகள். அவற்றில் மூன்று நமக்குப் போதும். ஒன்று, வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அனுமதி மட்டும் கொடு. இரண்டு, முக்கியமான காரியத்துக்கு இரண்டு சாவி வை. இதற்கு அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று, வங்கி லாக்கர்! மூன்று, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் கதவு மூடியே இருக்கட்டும்.

மூன்றாவது விதிக்கு அவர்கள் சொன்ன காரணம்தான் அழகு. மூடியிருக்கும் கதவில் தவறு நடந்தால், உள்ளே போக வேண்டியவர் போக முடியாமல் சத்தம் போடுவார். உடனே தெரிந்துவிடும். திறந்திருக்கும் கதவில் தவறு நடந்தால், உள்ளே போகக் கூடாதவர் போவார். அவர் சத்தம் போட மாட்டார்.

என் கதையையே பாருங்கள். ஷீட் மூடியிருந்தபோது ஒரே ராத்திரியில் இரண்டு புகார். திறந்துவிட்ட பிறகு இரண்டு வாரம் ஒரு புகாரும் இல்லை. ஆபீஸ்களிலும் இதேதான். அனுமதியை இறுக்கினால் சிஸ்டம் அட்மினுக்கு அன்றைக்கே போன் வரும், திட்டு விழும். தளர்த்திவிட்டால் நிம்மதி. எந்த மனிதனும் எந்தப் பக்கம் சாய்வான், சொல்லுங்கள்?

இப்போது கம்பெனிகளிடம் வருகிறேன். மைக்ரோஸாஃப்டின் பவர் ஆப்ஸ் என்று ஒரு மென்பொருள். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள்கூட இதை வைத்து ஆன்லைன் படிவங்களோடு ஒரு இணையதளத்தைத் தயார் செய்துவிடலாம். கொரோனா காலத்தில் அமெரிக்காவில் அரசு அலுவலகங்களும் கம்பெனிகளும் இதைத் தாராளமாகப் பயன்படுத்தின. தடுப்பூசிக்கு நேரம் குறிக்க, தொற்று வந்தவர் யாரையெல்லாம் சந்தித்தார் என்று பதிய, வேலைக்கு விண்ணப்பம் வாங்க. 2021 ஆகஸ்டில் அப்கார்டு என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு குண்டைப் போட்டது. 47 அமைப்புகள். 3 கோடியே 80 லட்சம் பதிவுகள். யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து கிடந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஃபோர்டு, மேரிலாண்ட் மாநிலச் சுகாதாரத் துறை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அவ்வளவு ஏன், மைக்ரோஸாஃப்டின் சொந்தப் பக்கங்கள் சிலவும்!

யாரும் பூட்டை உடைக்கவில்லை. பூட்டு போடவே இல்லை. 'இந்தத் தகவலுக்கு அனுமதிக் கட்டுப்பாடு வேண்டும்' என்ற ஒரு சுவிட்சை, படிவம் தயாரித்தவரே தேடிப் போய்ப் போட்டிருக்க வேண்டும். கம்பெனி கொடுக்கும்போது அது அணைந்திருந்தது. கையேட்டில் எச்சரித்திருந்தார்கள், வாஸ்தவம்தான். ஆனால் யார் கையேட்டைப் படிக்கிறார்கள்? அப்கார்டு முதலில் புகார் செய்தபோது, 'அது அப்படி இயங்கும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது' என்று சொல்லி மைக்ரோஸாஃப்ட் ஃபைலை மூடிவிட்டது. பிற்பாடு அந்தச் சுவிட்ச் ஆரம்பத்திலேயே போட்டபடி வரும்படி மாற்றினார்கள். நல்லது. ஆனால் 1975-ல் சொன்ன விதி அது. 46 வருடம் கழித்து நினைவுக்கு வந்திருக்கிறது.

இவர்கள் பயன்படுத்தும் வார்த்தைகளும் எனக்குப் பிடிக்கவில்லை. 'லிங்க் உள்ள எவரும்' என்பது எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஏதோ நாம் பார்த்துப் பார்த்துச் சிலருக்கு மட்டும் லிங்க் கொடுத்திருப்பது போல. 'இந்த லிங்க் இனிமேல் யார் யார் கைக்கெல்லாம் போய்ச் சேருமோ அவர்கள் எல்லோரும், நீங்கள் வந்து மாற்றும்வரை' என்று உண்மையை எழுதியிருந்தால், அந்த ராத்திரி பத்து மணிக்கு என் விரல் கொஞ்சம் தயங்கியிருக்கும்.

இன்னொரு குறை. ஒரு படிவத்தில் ஐந்து விதமான வேலைகள் இருக்கின்றன. நிரப்புவது, நிரப்பியதைப் பார்ப்பது, திருத்துவது, ஒப்புதல் கொடுப்பது, இந்த அனுமதிகளையே மாற்றுவது. ஐந்தும் வேறு வேறு. ஆனால் பல இலவச மென்பொருள்களில் இரண்டு மூன்றை ஒன்றாகக் கட்டி ஒரே பொட்டலமாகக் கொடுக்கிறார்கள். கேள்வியில் எழுத்துப் பிழை திருத்த ஒருவரைச் சேர்த்தால், வந்த பதில்கள் முழுவதையும் அவர் பார்க்கலாம். சமையல்காரருக்கு வீட்டுச் சாவியோடு பீரோ சாவியும் சேர்த்துக் கொடுப்பது மாதிரி.

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் பாடத்தில் எனக்கு ஞாபகம் இருக்கும் ஒரே விஷயம், 'கேஷை வாங்குகிறவர் லெட்ஜரை எழுதக் கூடாது'. இன்டர்னல் செக் என்பார்கள். கேஷியர் திருடன் என்று அர்த்தமில்லை. ஒரு ஆளின் வேலையை இன்னொரு ஆளின் வேலை தானாகச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் 'ஒர்க்ஃப்ளோ' என்று சொல்வது இதைத்தான். ஒருவர் பதிவார், ஒருவர் ஒப்புதல் கொடுப்பார். வங்கிகளில் மேக்கர், செக்கர் என்பார்கள். தன் டூர் பில்லைத் தானே சாங்ஷன் செய்ய ஒரு மென்பொருள் விட்டால், அது ஒர்க்ஃப்ளோ இல்லை. திறந்துவிட்ட குழாய்.

இரண்டு சாவியும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பேரிங்ஸ் வங்கியே சாட்சி. 1762-ல் லண்டனில் ஆரம்பித்த வங்கி. அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீஸன் என்ற இளைஞர் வியாபாரத்தையும் செய்தார், அந்த வியாபாரத்தின் கணக்கை முடிக்கும் பிரிவையும் அவரே பார்த்தார். நஷ்டத்தையெல்லாம் 88888 என்ற கணக்கில் ஒளித்துவைத்தார். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருப்பது ஆபத்து என்று வங்கியின் உள்தணிக்கையாளர்கள் 1994-லேயே எழுதினார்கள். யாரும் பிரிக்கவில்லை. 1995 பிப்ரவரியில் வங்கி விழுந்தது. நஷ்டம் 82 கோடியே 70 லட்சம் பவுண்ட். வங்கியை வாங்கிய டச்சு நிறுவனமான ஐ.என்.ஜி. அதற்குக் கொடுத்த விலை ஒரு பவுண்ட்.

நம் ஊர்க் கதைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மும்பையில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளை. வைர வியாபாரி நீரவ் மோடி தரப்பு நிறுவனங்களுக்காக அங்கிருந்து உறுதிக் கடிதங்கள் போயின. 'இவர்களுக்குக் கடன் கொடுங்கள், நாங்கள் பொறுப்பு' என்று வெளிநாட்டில் இருக்கும் வங்கிக் கிளைகளுக்குச் சொல்லும் கடிதம். போன வழி, ஸ்விஃப்ட் என்ற சர்வதேசச் செய்தி வலை. சங்கடம் என்னவென்றால், இந்த ஸ்விஃப்டும் வங்கியின் கோர் பேங்கிங் கணக்கும் ஒன்றோடு ஒன்று இணைக்கப்படவில்லை. ஸ்விஃப்டில் கடிதம் போகும், கணக்கில் ஏறாது. கணக்கைப் பார்க்கிற மேலதிகாரிக்கு எல்லாம் சுத்தமாகத் தெரியும். கடிதங்களை அனுப்பியதாகக் குற்றம்சாட்டப்பட்ட அதிகாரி அதே கிளையில் சுமார் ஏழு வருடம் இருந்து, 2017-ல் ஓய்வு பெற்றார்.

வெளியே வந்தது எப்படி தெரியுமா? 2018 ஜனவரியில் புதிதாகக் கடிதம் கேட்டு வந்தார்கள். புது அதிகாரி, 'முழுத் தொகைக்கும் டெபாசிட் கட்டுங்கள்' என்றார். 'இதற்கு முன்னால் யாரும் கேட்டதே இல்லையே' என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் குட்டு உடைந்தது. பிப்ரவரி 14-ம் தேதி வங்கி பங்குச் சந்தைக்குச் சொன்ன தொகை சுமார் 11,400 கோடி. பிறகு அது 13,000 கோடியைத் தாண்டியது. ஸ்விஃப்ட் விஷயத்தில் ஜாக்கிரதை என்று ரிசர்வ் வங்கி 2016-லிருந்தே வங்கிகளை எச்சரித்துவந்திருந்தது. அதற்குப் பிறகாவது எல்லோரும் திருந்தினார்களா என்றால், ஸ்விஃப்ட் பற்றிய உத்தரவுகளைச் சரிவர நிறைவேற்றாததற்காக 2019 மார்ச்சில் 36 வங்கிகளுக்குச் சேர்த்து 71 கோடி ரூபாய் அபராதம் போட வேண்டி வந்தது.

இவ்வளவு பார்த்த பிறகும் நம் ஆபீஸ்களில் அனுமதி எதன் பேரில் கொடுக்கப்படுகிறது? வேலையின் பேரிலா? இல்லை. அந்தஸ்தின் பேரில். 'எம்.டி.க்கு இல்லாத பர்மிஷனா?' என்று மென்பொருள் போட வந்த பையன் முதல் நாளே அவரை எல்லாம் வல்ல அட்மின் ஆக்கிவிடுவான். எம்.டி.க்கு அதில் பாதி எதற்கென்றே தெரியாது. பாஸ்வேர்டை பி.ஏ.விடம் கொடுத்துவிடுவார். பி.ஏ. ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டுவார். எம்.டி. விமானத்தில் பறந்துகொண்டிருக்கும் நேரத்தில் 'எம்.டி. ஒப்புதல் அளித்தார்' என்று கம்ப்யூட்டர் பதிவு செய்யும். நாளைக்கு விசாரணை வந்தால் யார் கழுத்தில் கத்தி? எம்.டி. கழுத்திலா?

இதை நான் குறிப்பாகச் சின்ன உத்தியோகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்குக் குறைந்த அனுமதி கொடுத்தால் வருத்தப்படாதீர்கள். அது உங்களுக்கான கவசம். 'அதை நான் தொடவே முடியாது ஸார், எனக்கு அனுமதி கிடையாது' என்பதைவிடப் பெரிய சாட்சியம் உலகத்தில் இல்லை. அடுத்தவர் பாஸ்வேர்டில் நுழைந்து உதவி செய்கிறவருக்கு அந்தச் சாட்சியம் போய்விடுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டினால் நல்லது என்று நான் சொல்லவில்லை. லீவ் படிவத்துக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டிய மேனேஜரே லீவில் போய்விட்டால், படிவம் அப்படியே கிடக்கும். இரண்டு நாள் பொறுப்பார்கள். மூன்றாம் நாள் மேனேஜரிடம் போன் செய்து பாஸ்வேர்டை வாங்கிவிடுவார்கள். அளவுக்கு மீறிய பூட்டு, ஜன்னல் வழியாக ஏறக் கற்றுக்கொடுக்கும். 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இவர் எனக்குப் பதில்' என்று எழுதிவைக்க வழி இருக்க வேண்டும். அந்தத் தேதி முடிந்ததும் அனுமதி தானாக விழுந்துவிட வேண்டும்.

ஏனென்றால் கொடுப்பது சுலபம். திரும்ப வாங்க யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. வேலையை விட்டுப் போனவருக்கு மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து, அடையாள அட்டையை வாங்கிக்கொள்கிறோம். அவருடைய ஷீட் அனுமதி அப்படியே இருக்கிறது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஆபீஸை ஒட்டடை அடிக்கிறோம் இல்லையா? அன்றைக்கு ஒரு மணி நேரம் இந்தப் பட்டியலையும் எடுத்து ஒட்டடை அடிக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி: இவர் வேலைக்கு இது இன்றைக்கும் தேவையா?

சட்டமும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடும், யார் பார்த்தார்கள் என்ற பதிவும் இருக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. தக்க பாதுகாப்பு இல்லாமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அபராதத்துக்குப் பயந்தாவது நடந்தால் சரி.

ஆனால் டீச்சரம்மாவின் தூக்கத்துக்கு எந்தச் சட்டத்திலும் நஷ்டஈடு கிடையாது.

அன்றைக்கே அந்த ஷீட்டை மூடினேன். திறந்திருந்தபோது யாராவது பிரதி எடுத்திருந்தால் அதை மூட என்னால் முடியாது. மறு வருடம் படிவம் போட்டபோது 'வேறு ஏதாவது' கட்டத்தை எடுத்துவிட்டேன். முதல் வரியிலேயே, 'இதைத் தலைவர், செயலாளர் இருவர் மட்டும்தான் பார்ப்பார்கள்' என்று எழுதினேன். மற்றவர்கள் 'எங்களுக்கு ஏன் திறக்கலை?' என்று கேட்டார்கள். 'திறக்காது ஸார்' என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டீச்சரம்மா படிவத்தில் பெயரையும் நம்பரையும் மட்டும் நிரப்பினார். மீதியை ஒரு தாளில் எழுதி, நாலாக மடித்து, என் கையில் கொடுத்தார். 'கம்ப்யூட்டர்ல ஏத்தாதீங்க தம்பி.'

அந்தத் தாள் என் பீரோவில் இருக்கிறது. நான் ஊரில் இல்லாத நாளில் எடுத்துக்கொடுக்க என் மனைவிக்கு மட்டும் இடம் தெரியும். அதையும் டீச்சரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன்.